ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை

"எனக்கு எதுக்குப்பா சர்ச்சு? எம்பொண்டாட்டி பாவாடையைப் புடிச்சுக்கிட்டே சொர்க்கத்துக்குப் போயிடுவேன்."

என் கணவர் தொக்பே, யார் ஆலயத்துக்குக் கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்வார். கொரியாவின் தென்கோடியில் எங்கள் கோஹுங் பக்கத்தில் பாதிப் புருஷன்மார் இப்படிச் சொல்லித்தான் தப்பிக்கிறார்கள். மற்றவர்களாவது சிரித்துவிட்டு விடுவார்கள். இந்த மனுஷன் அதோடு விடமாட்டார். "வாரம் பூரா பூப்போட்ட காற்சட்டையில பூண்டு வயல்ல கெடக்கா. ஞாயித்துக்கிழமைதான் பாவாடை. அதனால ஞாயித்துக்கிழமை பார்த்துத்தான் சாகணும்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்கால ஜெபத்துக்கு என்னைப் பவர் டில்லரில் ஏற்றிக்கொண்டு போவது அவர்தான். பனி கொட்டினாலும் போவார். நான் உள்ளே அழுது ஜெபிப்பேன், அவர் வெளியே போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவார். நான் அழுவதே அவருக்காகத்தான் என்பது அவருக்கும் தெரியும்.

இந்த வசந்தத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. குவாங்ஜு நகரத்து மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தைத் திறந்துதான் ஆக வேண்டும், இந்த வயதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். ஈஸ்டருக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. திரும்பி வரும்போது பேருந்தில் அவர் பாட்டுக்குக் குறட்டை விட்டார். எனக்கு மட்டும் ஒரே நினைப்பு. ஞானஸ்நானம் வாங்காமலே இந்த ஆள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

எங்கள் சபையில் ஈஸ்டருக்கும் இலையுதிர் காலத்துக்கும்தான் ஞானஸ்நானம். அதற்கு முன்னால் போதகரும் மூப்பரும் கேள்வி கேட்பார்கள். அன்றைக்கே என் கணவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "சரி, நீ அழாதே" என்று ஒத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கப் பூண்டு வயலில் களை எடுத்துக்கொண்டே பாடம் நடத்தினேன். அவரை வரப்பில் உட்கார வைத்திருந்தேன்.

"எதனால இரட்சிக்கப்படுவீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"நாம செய்யிற கிரியையால இல்ல, விசுவாசத்தால."

"விசுவாசம்னா?"

"அது... நேத்து சொன்னியே."

"ஐயோ, உங்களுக்குச் சொல்றதுக்கு நம்ம தொழுவத்து மாட்டுக்குச் சொல்லலாம்!"

"மாட்டுக்கு நெஞ்சுவலி இல்லையே" என்றார்.

சனிக்கிழமை போதகர் வீட்டில் கேள்வி நடந்தது. போதகர் இளம் வயது, சிரித்த முகம். மூப்பர் பியோ என் கணவரோடு பள்ளியில் படித்தவர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே சட்டியில் அரிசிக் கள் குடித்தவர்கள்தான். மனந்திரும்பிய பிறகு பியோ கள்ளுக்கடை இருக்கும் தெருப் பக்கமே போவதில்லை. நான் சமையலறையில் மூப்பருக்குப் பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. காது முழுக்க அங்கேதான்.

"தொக்பே, நீ பாவியா?" என்று மூப்பர் ஆரம்பித்தார்.

"அதுல என்ன சந்தேகம்? நீயும் நானும் சின்ன வயசுல வாத்தியார் வீட்டுக் கோழியை அமுக்கித் தின்னோமே."

போதகர் இருமினார். மூப்பரின் காது சிவந்திருக்கும், எனக்குப் பார்க்காமலே தெரியும்.

"கள்ளு குடிக்கிறியா?"

"டாக்டர் வேணாம்னாரு. நிறுத்தியிருக்கேன்."

"பொழைச்சு வந்தா? இனிமே தொடவே மாட்டேன்னு கர்த்தருக்கு முன்னால வாக்குக் குடு."

நான் கத்தியை அப்படியே நிறுத்தினேன். சொல்லுங்களேன், ஒரு வார்த்தை 'சரி' என்று சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"அது முடியாதுப்பா" என்றார் என் கணவர். "விடணும்னு நெனைக்கிறேன். எத்தனையோ தடவை நெனைச்சுத் தோத்துட்டேன். நாத்து நட்டு முடிச்ச சாயங்காலம் அது கூப்பிடும், நான் போயிடுவேன். உங்கிட்ட வேணா பொய் சொல்லலாம். அவரு முன்னால எப்படிச் சொல்றது?"

"அப்ப இலையுதிர் காலத்துல பார்ப்போம்" என்றார் மூப்பர். "கட்டளையைக் கைக்கொள்ள மனசில்லாதவனுக்கு எப்படி ஞானஸ்நானம் குடுக்கிறது?"

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! கையில் இருந்ததோடு உள்ளே பாய்ந்தேன்.

"திங்கக்கிழமை இவரு நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. நீங்க இலையுதிர் காலம்ங்கிறீங்களா? அதுவரைக்கும் இவரு இருப்பாருன்னு யாரு உங்களுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தா?"

"தங்கச்சி, மொதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை."

பார்த்தால் பேரிக்காய்க் கத்தி மூப்பரின் மூக்குக்கு நேராக இருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

போதகர் மெதுவாகக் கேட்டார். "அய்யா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க எதனால இரட்சிக்கப்படுவீங்க?"

இதைத்தானே வாரம் முழுக்கப் படித்தோம்! அவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, படித்ததெல்லாம் காற்றில் போய்விட்டது.

"இவ பாவாடையைப் புடிச்சுக்கிட்டு..."

"விளையாடாதடா!" என்று மூப்பர் தொடையில் அறைந்தார். "அங்க அவனவன் தனியாத்தான் நிக்கணும். பொண்டாட்டி பாவாடையெல்லாம் செல்லாது."

என் கணவர் முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷமும் அவர் சொன்னது வேடிக்கைக்கு மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனுஷன் அதை நம்பியே இருந்திருக்கிறார்.

"அப்படின்னா எனக்கு வேற வழி இல்லையே" என்றார். "இவகிட்ட விடியக்கால ஜெபம் இருக்கு, உபவாசம் இருக்கு. மூட்டை மூட்டையா சேர்த்து வச்சிருக்கா. எங்கையில என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. போய்ப் புடிச்சா இவ உதறமாட்டா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."



போதகர் நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, நீங்க புடிக்கிற விதம் சரி. ஆளைத்தான் மாத்தணும். அம்மா பாவாடையை விட்டுட்டு இயேசுவோட அங்கியைப் புடிங்க. வெறுங்கையா இருந்தாத்தான் அதைப் புடிக்க முடியும். விசுவாசம்ங்கிறது அதுதான்."

"கள்ளு வாடை அடிச்சா உதறிடமாட்டாரே?"

"மாட்டாரு. அந்த வாடையை உங்களைவிட்டு எடுக்கிறதும் அவரு வேலைதான். நீங்க புடிங்க."

என் கணவர் இன்னொரு கையை விரித்துப் பார்த்தார். "அப்ப புடிக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவ?"

"அவங்களும் அதே அங்கியைத்தானே புடிச்சிருக்காங்க."

"இவளுக்கு ஏதுங்க கை? ரெண்டு கையிலயும் மூட்டையில்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். மூப்பர்கூடச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் மட்டும் என்ன, மூட்டை தூக்கிதான்" என்று முணுமுணுத்தவர், "நாளைக்காவது தலையை நல்லாக் கழுவிட்டு வாடா" என்றார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சுருக்கென்று குத்தியது.

மறுநாள் ஈஸ்டர் ஆராதனையில் ஞானஸ்நானத் தண்ணீர் அவர் தலையிலிருந்து சட்டைக் காலருக்குள் வழிந்தது. அவர் சிலிர்த்துக்கொண்டு, "எவ்ளோ சில்லுன்னு இருக்கு!" என்று சபைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் அழுத அழுகையில் பாட்டுப் பாடவே முடியவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையைத்தான் கட்டிவரச் சொன்னார். தள்ளுவண்டியில் படுத்தபடி நடைபாதை முழுக்க அதன் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அறுவை சிகிச்சை அறையின் கதவு வந்தது. விடுங்க அய்யா என்று செவிலி சொல்ல வாயெடுப்பதற்குள் அவராகவே விட்டுவிட்டார்.

"எனக்குத்தான் இப்ப வேற அங்கி இருக்கே" என்றார். "பயப்படாதே, மால்சுன்."

கதவு மூடியது. என் ஒரு கையில் கிம்ச்சி ஊறுகாய்ப் பாத்திரம், அரிசிப் பணியாரம் கட்டிய துணிமூட்டை. இன்னொரு கையில் வேதாகமப் பை, போர்வை. நின்றபடியே ஜெபிக்க ஆரம்பித்தேன். ஆண்டவரே, எத்தனை பனியில் வந்தேன், எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தேன், அதையெல்லாம் பார்த்து இவரை... அதற்கு மேல் ஓடவில்லை. என் குரல் எனக்கே கூலி கேட்கிறவள் குரல் மாதிரி இருந்தது. அந்த மனுஷன் ஒன்றுமில்லாத கையோடு உள்ளே போயிருக்கிறார். நான் இங்கே மூட்டையைக் காட்டிப் பேரம் பேசுகிறேன்.

எல்லாவற்றையும் தரையில் வைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் விரித்தேன். 'என் கையிலும் ஒன்றும் இல்லை. பிடித்திருக்கிறேன், உதறிவிடாதீர்கள்.' இதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். உடம்பெல்லாம் குழாய், முகம் வெளுத்துக் கிடந்தது, ஆனால் மூச்சு ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மூட்டையெல்லாம் எங்க?" என்றார், உலர்ந்த வாயோடு.

அப்போதுதான் நினைவு வந்தது.

"வெளியிலயே விட்டுட்டு வந்துட்டேங்க."

அவர் லேசாகச் சிரித்துவிட்டு, விரல்களை நகர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.