விழாத வளையங்கள்

காலையில் எழுந்ததும் எழாததுமாக அவள் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டாள். இன்னும் அரைநாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அக்கா கேட்டால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

மரத்தின் வளையங்களைப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். ஆற்றோரத்து மலைச்சரிவில் நிற்கும் கிழட்டு மரங்களுக்குள் மெல்லிய குழாயைத் திருகி இறக்கி, பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவுவார்கள். மரம் பிழைத்துக்கொள்ளும். குச்சியில் வருடத்துக்கு ஒரு வளையம். ஆறு நிறைந்து ஓடிய வருடம் அகலமாக இருக்கும், வறண்ட வருடம் ஒல்லியாக இருக்கும். ஆற்றில் தண்ணீரை அளக்க ஆரம்பித்ததே அப்பா காலத்தில்தான். அதற்கு முந்தைய கதையை மரத்தைத் தவிர யாரிடம் போய்க் கேட்பது? நான்கு வருடமாக நுண்ணோக்கிமேல் குனிந்து கிடந்ததில் கழுத்துவலிதான் மிச்சம்.

அக்கா இருப்பது ஆற்றின் கீழ்ப்பக்கம் புதிதாகக் கட்டிய குடியிருப்பில். லாரித் தண்ணீர், குடத்துக்குக் குடம் சண்டை. ஆற்று அணையிலிருந்து அங்கே குழாய் போடலாமா என்று நாளைக்குக் கூட்டம். ஆறு தாங்குமா தாங்காதா என்று இவள்தான் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் அத்தானுக்கு வேலையில் வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. போகிறேன் என்றோ வேண்டாம் என்றோ இன்றைக்குள் பதில் கொடுக்க வேண்டும்.

"ஏண்டி, உன் மரம் என்னதான் சொல்லுது? இங்க தண்ணி வரும்னா இருக்கோம். இல்லன்னா மூட்டையக் கட்டுறோம். ஒரு வார்த்த சொல்லிடு."

"இருநூறு வருஷத்துல ரொம்ப மோசமான வறட்சியே ரெண்டு வருஷந்தான்க்கா. அத அணை தாங்கும். குழா வந்துடும், இருங்க."

"அப்பாடா! வயித்துல பால வார்த்தடி" என்று அக்கா போனை வைத்தாள்.

மதியம் நெட்டை வந்தான். அவளோடு வேலை பார்ப்பவன்; ஏறச் சொன்னால் எங்கும் ஏறுவான். இதுவரை எடுத்த குச்சிகளெல்லாம் பாதை போகிற வெயில் சரிவில் எடுத்தவை. மலைக்கு அந்தப் பக்கம் நிழல் சரிவிலும் நாலு மரம் பார்த்துவிட்டால் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவனைப் போன வாரம் அனுப்பியிருந்தாள்.

"குச்சியெல்லாம் பலகையில ஒட்டி, காயவச்சு, தேச்சும் வச்சுட்டேன். பாத்துட்டு என்னைத் தூங்க விடுங்க" என்றான்.

இரண்டு பக்கத்துக் குச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். பட்டையிலிருந்து உள்ளே போகப் போக வளையத்துக்கு வளையம் பொருந்தியது. அந்தப் பெரிய வறட்சி வந்த இடத்தில் அவள் கை நின்றுவிட்டது. வெயில் மரத்தில் ஒல்லி வளையம் இரண்டு. நிழல் மரத்தில் ஐந்து.

"உன் மரத்துக்குக் கிறுக்கு" என்றாள்.

அடுத்த மரத்திலும் ஐந்து. அதற்கடுத்ததிலும் அதே ஐந்து. வெயில் குச்சியை மூன்று வளையம் தள்ளி வைத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய காலமும் ஒழுங்காகப் பொருந்தியது. வெயில் சரிவு மரங்கள் அந்த வறட்சியில் மூன்று வருடம் வளையமே போடவில்லை. போடத் தெம்பில்லை. அத்தனையும் ஒரே சரிவில் நின்றதால் அத்தனையும் அதே மூன்று வருடத்தை விழுங்கியிருந்தன. அறுபது மரமும் ஒன்றுபோலச் சொல்கிறதே என்று எத்தனை நாள் பூரித்துப் போயிருக்கிறாள்! ஒரே வகுப்புப் பிள்ளைகள் காப்பியடித்த விடைத்தாளுக்கு மார்க் போட்டிருக்கிறாள், வேறென்ன.

"கூட்டத்தத் தள்ளி வைக்கச் சொல்லலாமா?" என்று நெட்டை கேட்டான்.

"தள்ளி வச்சா அஞ்சு ரெண்டாயிடுமா?"

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து வருட வறட்சியை அந்த அணை தாங்காது என்பது அவருக்கும் தெரியும். "உள்ளதச் சொல்லிடுங்க. குழா கிடையாது" என்றார்.

நடையில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அத்தான் பதில் குடுத்துட்டாரா?"

"காலையிலயே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார். வேற ஆளையும் போட்டாச்சாம். ஏண்டி?"

சொன்னாள். வளையம், சரிவு, ஐந்து வருடம், எல்லாவற்றையும் சொன்னாள். என்னை மன்னிச்சுடுக்கா என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் லாரி ஹாரன் கேட்டது, குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது.

"அந்த அஞ்சு வருஷத்துல அந்த மரமெல்லாம் செத்துடுச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. சாகல. வளராம அப்படியே நின்னுது."

"மரம் நிக்கும்டி" என்றாள் அக்கா. "எனக்கு வளர்ற பிள்ளைங்க."