உறைக்குள் போன ஓட்டு

1985 சட்டசபைத் தேர்தலில் மகாதேவனுக்குத் தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டியூட்டி போட்டிருந்தார்கள். மாட்டுங்காவில் குடியிருந்தவர், அரசு அலுவலக கிளார்க். ஓட்டுப் போட வருகிறவர் பெயரைப் பட்டியலில் தேடி, உரக்க வாசித்து, அடிக்கோடிடுவது பூத்தில் அவர் வேலை.

பதினோரு மணிக்கு ஒரு பெண் சீட்டை நீட்டினாள்.

"முப்பிடாதியம்மாள், வயது ஐம்பத்திரண்டு" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே நின்றவளுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் கட்சி ஏஜென்ட்கள் உட்காரும் பெஞ்சில், அவர்களில் ஒருவனான இசக்கிப்பாண்டி மட்டும் இருந்தான். மற்ற கட்சிக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவன் மகாதேவனைப் பார்த்து லேசாகச் சிரித்தான். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வாயைத் திறந்தால் தகராறு, போலீஸ், எழுத்து வேலை. மகாதேவன் பெயருக்குக் கீழே கோடு போட்டார்.

மூன்று மணிக்கு அசல் முப்பிடாதியம்மாள் வந்தாள். பிளாஸ்டிக் பிரிக்கும் பட்டறையில் அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள்.

"உங்க ஓட்டு காலையிலேயே பதிவாயிடுத்தேம்மா."

"நான் இப்பத்தானே ஸார் வாரேன்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். எந்த விரலிலும் மை இல்லை.

பூத்தின் தலைமை அதிகாரி மராட்டிக்காரர். ரேஷன் கார்டைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, விதிப்படி பின்பக்கம் குறிப்பெழுதிய தனி வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்தார். அவள் மறைவில் போய் முத்திரை குத்தி, மடித்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள். அவர் தடுத்து, சீட்டை வாங்கி ஓர் உறைக்குள் போட்டார். ஏற்கெனவே பதிவான பெயருக்குத் தரும் சீட்டு பெட்டிக்குள் போகாது, எண்ணிக்கையிலும் சேராது. கோர்ட்டில் கேஸ் நடந்தால்தான் அந்த உறையைப் பிரிப்பார்கள்.

அவள் மகாதேவனிடம் வந்தாள். "பெட்டியில போடலியே ஸார். இதை எண்ணுவாவளா?"

இல்லை என்றால் ஏன் என்பாள். யார் போட்டது, யார் விட்டது என்று பேச்சு வளரும்.

"எண்ணுவாம்மா" என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முடிவு வந்தபோது, ஜெயித்தவருக்குப் பல ஆயிரம் ஓட்டு வித்தியாசம் இருந்தது. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மகாதேவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கும்பிடுதான் முன்னால் வந்து நின்றது. பட்டியலில் இருந்த முகவரி மறக்கவில்லை. இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டு, மூன்றாவது ஞாயிறு போனார்.

அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப தெரிஞ்சேதான் விட்டிருக்கீய."

"ஆமாம்மா."

"எண்ணுவாவன்னு சொன்னது?"

"பொய்."

அவள் துணியை வாளியிலேயே விட்டாள். "எவளாவது நம்ம ஓட்டைப் போட்டாலும் வேற சீட்டு தருவாவ, அதையும் எண்ணுவாவன்னு சந்து பூரா சொல்லி வச்சிருக்கேன். இனி அவுக மொகத்துல எப்படி முழிக்க?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "இதை எழுதிக் குடுப்பீயளா?" என்றாள்.

எழுதிக் கொடுத்தால் வேலைக்கே ஆபத்து என்று மகாதேவனுக்குத் தோன்றியது.

"அப்ப எதுக்கு வந்தீய?"

அவர் வந்த வழியே திரும்பினார்.

நான்கு நாள் கழித்து நடந்ததையெல்லாம் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஒரு வருஷ இன்க்ரிமென்ட் நின்றது. இசக்கிப்பாண்டியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேஸ் எதுவும் இல்லாததால் உறையையும் யாரும் பிரிக்கவில்லை.

கடிதத்தின் நகலை எடுத்துப்போய் அவளுக்குத் தமிழில் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். "நான் தெரிந்தே விட்டேன்" என்ற இடத்தில் அவர் குரல் இரண்டு தடவையும் தடுக்கியது.

"அடுத்த எலெக்‌ஷனுக்கும் உங்களை அங்க உக்கார வைப்பாவளா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"வைக்காம இருந்தா நல்லது."

கோபமில்லாமல்தான் சொன்னாள். மகாதேவன் தலையாட்டிவிட்டு, நகலை அவளிடமே கொடுத்து, சந்திலிருந்து வெளியே நடந்தார்.