பாட்டுக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு

1

இது அண்ணி சாப்பிடும்போது சொன்ன கதை. பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்வது அவர் தொழில். எழுதப்போகிறேன் என்றதும், "எழுது. ஆனா அளக்காதே" என்றார்.

முதல் தொடக்கம்: இசையென்னும் பெருங்கடலின் கரையில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்...

(அண்ணி படித்துவிட்டு, "கடல் எங்கேடா வந்துச்சு? அது ஏசி ரூம்" என்றார். விட்டுவிட்டேன்.)

2

பாடகிகள், அக்கா தங்கை இருவர். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அக்கா மறுபடி பாட வந்த முதல் பாட்டு. ஒரே மைக்கில் பாடினார்கள். கடைசிக் கார்வையில், நீட்டி நிறுத்தும் அந்தச் சுரத்தில், அக்காவின் குரல் பிசிறியது. அது அடங்குவதற்குள் தங்கை வாய்க்குள்ளேயே சொன்னாள்: "பாவம், இனிமே அவ்வளவுதான்." ஹெட்ஃபோனில் தாளம் அதிர்ந்துகொண்டிருந்ததால் அக்காவுக்குக் கேட்கவில்லை.

மைக்குக்குக் கேட்டது.

மிக்ஸிங் என்பது எந்த ஒலி முன்னே, எது பின்னே என்று நிறுத்துவது. முணுமுணுப்பை வெட்டினால் கார்வையும் சேர்ந்து போகும். அதனால் அண்ணி அந்த இடத்தில் டிரம்ஸைக் கொஞ்சம் ஏற்றி அதை மூடினார். பிறகு பாட்டு மாஸ்டரிங்குக்கு, வேறொருவரிடம் போனது. அவர் முழுப் பாட்டையும் எந்த ஸ்பீக்கரிலும் எடுப்பாகக் கேட்கும்படி செய்பவர். பெரிய சத்தங்களை அமுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தினார். அடியில் கிடந்ததும் மேலே வந்துவிட்டது.

3

அதைக் கேட்டுவிட்டு அக்கா அண்ணியின் ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தார். வாசலிலேயே உடைந்துபோய், விம்மி...

(அழவில்லையாம். நான்தான் அழவைத்தேன். மன்னிக்கவும்.)

"அந்த இடத்தை மட்டும் போடுங்க."

அண்ணி போட்டார். அக்கா கண்ணை மூடிக் கேட்டார்.

"எடுத்துட முடியுமா?"

"முடியும். உங்க கார்வை பாதியில நிக்கும்."

"ரெண்டு விதமாவும் அவளுக்கு அனுப்புங்க. எது வேணும்னு அவளே சொல்லட்டும்."

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தங்கை அண்ணியை அழைத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு? எனக்கு வித்தியாசமே தெரியலையே."

அக்கா கையை நீட்டினார். அண்ணி போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பஞ்சு வைத்த அந்தக் கனத்த கதவைச் சாத்தினார்.

4

அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே வராது. அதற்காகவே கட்டியது.

ரொம்ப நேரம் கழித்து அக்கா கதவைத் திறந்தார். முகத்தைத் துடைத்திருந்தார். போன் சுட்டது. "வெட்ட வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். பாட்டு அப்படியேதான் வெளியானது.

உள்ளே என்ன பேசினார்கள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தங்கை மன்னிப்புக் கேட்டாள். ஒன்றில் தான் சொல்லவே இல்லை என்று சாதித்தாள். மூன்றாவதில் அக்கா அந்தக் கார்வையை மறுபடி பாடிக் காட்டினார், தங்கை...

மூன்றையும் அண்ணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தார்.

"நானே வெளியிலதான் நின்னேன். உள்ள உனக்கு என்னடா வேலை?"