நாற்பத்தொரு உருளைகளும் ஒரு படகும்

"என் படகு மூழ்காது. கடலையே தூக்கி உள்ள ஊத்துனாலும் மூழ்காது. வெந்நீர்க் குளத்துல எறங்குன கெழவன் மாதிரி, தலைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு சொகமா ஒக்காந்திருக்கும்!" என்றார் தொகுசோ.

படகுத்துறையில் அப்போது பதினேழு பேர் இருந்தார்கள். பதினாறு பேர் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். இந்த இன்னோஷிமா தீவில் தலையாட்டுவதற்குக் காசா பணமா? பதினேழாவது ஆள் ஹரூயோ, படகுத்துறைச் சங்கத் தலைவி. எழுபத்திரண்டு வயது. அந்தம்மாள் கழுத்து அவ்வளவு சுலபமாக ஆடாது.

"ஓய் ரயில்காரரே! தண்ணி நெறஞ்ச படகு மூழ்காதுன்னா, தின்ன சோறு வயித்துக்குள்ள போகாதுன்னும் சொல்லுவீரு போலிருக்கே!"

"பாருங்க ஹரூயோ சான், பாருங்க."

"பாக்கத்தான போறேன். கட்டுன எடத்துல மூழ்குற படகுக்கு இங்க எடம் கெடையாது. சங்கத்து விதி. மறந்துராதீரு."

மறப்பாரா? படகுத்துறையில் படகு கட்ட ஏழாம் எண் இடம் கிடைப்பதற்கு அவர் ஒன்பது வருஷம் காத்திருந்தார். அவருக்கு அடுத்து வரிசையில் நிற்பவர் பல் வைத்தியர் இகராஷி. அந்த மனுஷன் தினமும் சாயங்காலம் அளவு நாடாவோடு வந்து ஏழாம் எண்ணை அளந்துவிட்டுப் போவார், நாளைக்குப் பிடுங்க வேண்டிய பல்லைப் பார்ப்பதுபோல.

தொகுசோ நாற்பது வருஷம் ரயில் ஓட்டியவர். ரயில்காரர்கள் எதையும் சும்மா பார்ப்பதில்லை. விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள்: "சிக்னல், சரி! கதவு, சரி!" மனிதர் ஓய்வு பெற்றார், விரல் ஓய்வு பெறவில்லை. காலையில் மிசோ சூப்பைப் பார்த்துக்கூட "சூப்பு, சரி!" என்பார். மனைவி காதுக்குப் பஞ்சு வாங்கி ஆறு வருஷமாகிறது.

அவர் வாங்கியது இருபத்திரண்டு வயதான, ஆக்டோபஸ் பிடிக்கப் போய்வந்த படகு. இரண்டு வருஷமாகப் பழைய சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. அதன் நாற்றத்தை மோந்து மூன்று நீர்க்காக்கைகள் குடும்பத்தோடு ஊரைக் காலிசெய்தன என்று கேள்வி.

படகுக்குச் சாமான் வாங்கக் கிளம்பினார் தொகுசோ. உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று போதும் என்றது சட்டம். தனியாளாகப் போகிறவர் பதினொன்று வாங்கினார். நனைந்தால் தானே காற்று ரொப்பிக்கொண்டு உப்புகிற உசத்தி ரகம். வாளி ஒன்று என்றது சட்டம், ஐந்து வாங்கினார். மிதவை வளையம் நாலு, தீயணைப்பான் மூன்று, நங்கூரம் இரண்டு, யானையைக் கட்டுகிற கனத்தில் பன்னிரண்டு கயிறு. பக்கத்துப் படகை உரசாமல் இருக்க விளிம்பில் தொங்கவிடுகிற காற்றடைத்த உருளைகள் மற்றவர்களுக்கு நாலோ ஆறோ இருக்கும். தொகுசோவுக்கு நாற்பத்தொன்று. மூச்சுவிடச் சந்து இல்லாமல், படகோடு படகாக இறுக்கிக் கட்டினார்.

ஹரூயோ இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள். "இது படகா, திராட்சைக் குலையா? பறவை வந்து கொத்தப் போவுது, மேல வலையப் போட்டு மூடுமய்யா!"

படகை இறக்கும் நாள் வந்தது. சடங்குக்குப் படகின் மூக்கில் சாக்கே என்கிற அரிசி மதுவை ஊற்றினார்கள். கிரேன் இறக்கியது, பன்னிரண்டு கயிறும் கட்டியாயிற்று. தொகுசோ வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நங்கூரம், சரி! வாளி, சரி! வாளி, சரி!"

எழுபத்தெட்டுச் சாமானுக்கும் விரல் நீட்டி முடிப்பதற்குள் கூடியிருந்தவர்களுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. அப்புறம் எல்லோரும் கரையில் உட்கார்ந்து ஆக்டோபஸ் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தொகுசோ இரண்டாவது வாய் வைக்கும்போது ஹரூயோவின் குரல் கேட்டது.

"ரயில்காரரே, உம்ம படகு ஒக்காருது."

அவர் திரும்பினார். படகின் பின்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முழங்கால் தண்ணீர். வாளிகள் ஐந்தும் வாத்துக்குஞ்சுகள்போல் வரிசையாக மிதந்தன. தொகுசோவின் விரல் தானாக நீண்டது. வாயில்தான் 'சரி' வரவில்லை. ஒன்பது வருஷம், ஒன்பது நிமிஷத்தில் போகிறது. இகராஷி சோற்றைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தார்.

தண்ணீர் விளிம்பைத் தொட்டது. நாற்பத்தொரு உருளைகளும் சுமைதூக்குகிறவன்போல் முனகின. படகு நின்றது.

அப்போதுதான் படகோட்டி உட்காரும் கூண்டுக்குள் 'டப்' என்றது. நனைந்த உயிர்காப்புச் சட்டை ஒன்று உப்பியது. 'டப்', இன்னொன்று. 'டப், டப்' என்று பதினொன்றும் புத்தாண்டு அரிசி அப்பங்கள்போல் உப்பி, கூண்டை அடைத்துக்கொண்டு, படகை ஒரு சாண் மேலே தூக்கின. வெந்நீர்க் குளத்துக் கிழவனேதான்!

ஹரூயோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் குதித்தாள். பின்பக்கம் குனிந்து துழாவினாள். "அடப்பாவி மனுஷா! அடித்தக்கை எங்கய்யா?"

"தக்கையா?"

"மழைத்தண்ணி வடிய அடியில ஓட்டை இருக்குமே, அதுக்கு மூடி! படகு முத்தத்துல கெடக்கையில கழட்டி வச்சிருப்பாங்க."

"அது... பட்டியல்ல இல்லையே. கண்ணெதுர இருக்கறதுக்குத்தான விரல் நீட்ட முடியும்?"

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வண்டிச் சீர் வாங்கியவர் தாலியை மறந்த கதை. ஹரூயோ தலையில் அடித்துக்கொண்டு, தன் சாப்பாட்டிலிருந்த முள்ளங்கி ஊறுகாய் முழுத்துண்டை எடுத்து ஓட்டையில் அறைந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. ஐந்து வாளிகளுக்கும் வேலை வந்தது.

"மூழ்கிடுச்சு! எல்லாரும் பாத்தீங்க!" என்றார் இகராஷி. "விதிப்படி ஏழாம் நம்பர் எனக்குத்தான், தலைவியம்மா!"

பதினாறு தலைகள் இகராஷிக்கும் மரியாதையாக ஆடின. தொகுசோ கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

ஹரூயோ சொட்டச் சொட்ட நனைந்து படகில் நின்றாள். படகைப் பார்த்தாள், இகராஷியைப் பார்த்தாள். பிறகு, வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, வலது கையைத் தோளுக்கு உயர்த்தி, விரலை நீட்டினாள்.

"ஆளு, முட்டாளு, சரி! தண்ணி நெறஞ்சுச்சு, சரி! படகு..." அந்தம்மாளின் கழுத்து ஒரே ஒரு தரம் ஆடியது. "படகு மூழ்கல. சரி!"