டீச்சர் எழுந்து போன ஜோக்குகள்

பள்ளிக்கூடத்தில் அவருக்குச் 'சிலை' என்று பெயர். பிள்ளைகள் வைத்ததுதான், ஆனால் ஆசிரியர் அறையிலும் அதுவே புழங்கியது. கணக்கு டீச்சர் சிரித்துப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. தலைமையாசிரியருக்கு அதில் பெருமை தாங்காது. "சிரிச்சு சிரிச்சு இடம் கொடுக்கறதில்ல, அதான் வகுப்பு அடங்கி இருக்கு" என்று, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் டீச்சரைக் காட்டிப் பாடம் எடுப்பார்.

ஒழுக்கமாவது ஒன்றாவது. சிரித்தால் டீச்சருக்குச் சிறுநீர் கசிந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். இருமினாலும் தும்மினாலும் அதே கதிதான். ஆனால் இருமல் வரும்போதாவது தெரியும், காலை நெருக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கலாம். சிரிப்பு சொல்லிக்கொண்டா வருகிறது? இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இந்தக் கூத்து. முதலில் அடர் நிறத் துணியாகத் தேடி வாங்கினார். பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டார். கடைசியில் சிரிப்பதையே விட்டுவிட்டார். சிகரெட்டை விடுகிறவர்களைத் தட்டிக்கொடுக்கிற உலகம் இதற்கு ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

இதற்கென்றே வாய்த்தவர் போல இருந்தார் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவர் பேச்சைக் கேட்கத்தான் வருவார்கள். ஒரு காலத்தில் டீச்சரும் அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்தான். பார்வையில் ஒரு கோளாறும் இல்லாமல் மூன்று கண்ணாடி வாங்கினார்.

கணவரின் தங்கை வீட்டு விருந்தில் ஒருமுறை, அவர் தன் சித்தப்பா கார் ரிவர்ஸ் எடுப்பதை நடித்துக் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பி, "வா, வா, நிறைய இடமிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்னால் வந்து, கேட்டை இடித்து, கேட்டுக்கு மரியாதை தெரியவில்லை என்று திட்டினார். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. கேட்டை இடிப்பதற்கு முன்பே டீச்சர் எழுந்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு கணவர் அதை நடிக்கவே இல்லை. வீட்டில் சொல்கிற ஜோக்குகளும் வரவர அறுவையாகிக்கொண்டே வந்தன. டீச்சருக்கு அது பெரிய நிம்மதி. அலுங்காமல் உட்கார்ந்து கேட்கலாம்.

ஒருநாள் சாயங்காலம் டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே கணவர் தன் தங்கையிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"உன் அண்ணி என்னைப் பாத்து சிரிச்சு வருஷக்கணக்காச்சு. என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். கேக்கலாம்தான். ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

உள்ளே போய் உண்மையைச் சொன்னால் முடிந்தது கதை. அதுதான் வாயில் வரவில்லை. கணவருடைய மூலநோயைப் பற்றி இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் விலாவாரியாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் இது மட்டும் வெட்கமாம்.

டாக்டரிடம் போனார். "பிள்ளை பெத்தவங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா, வயசும் ஆகுதில்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் பலமாக ஒரு தும்மல் போட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகுதான் போனில் தேடினார். தேடிய பாவத்துக்கு டயப்பர் விளம்பரமாக வந்து குவிந்தது. வகுப்பில் போனைக் கவிழ்த்தே வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் குப்பைக்கு நடுவே பெண்கள் மருத்துவமனை ஒன்று ஆன்லைனிலேயே சிகிச்சை தருவதாகப் போட்டிருந்தது. டீச்சர் படுக்கையறைக் கதவைச் சாத்தி, போனைத் தலையணையில் சாய்த்து வைத்தார். திரையில் வந்த பிசியோதெரபி பெண்ணுக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும்.

"என் ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்" என்றார் டீச்சர்.

"சரிங்க மேடம். உங்க ஃப்ரெண்டுக்கு இருமும்போது வருதா, சிரிக்கும்போதா?"

"அவ சிரிக்கறதில்ல."

"எவ்வளவு நாளா மேடம்?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டாள். "அடுத்த தடவை ஃப்ரெண்டையே வரச் சொல்லுங்க. முறையா பயிற்சி பண்ணினா நிறைய பேருக்குச் சரியாகுது" என்றாள்.

ஃப்ரெண்டு அப்போதே வந்துவிட்டார். கத்தி இல்லை, மாத்திரை இல்லை. இடுப்புக்கு அடியில் தாங்குகிற தசை ஒன்று இருக்கிறதாம். சிறுநீரை அடக்குவது போல அதை உள்ளே இறுக்கி, மேலே தூக்கி, கொஞ்சம் பிடித்து, பிறகு முழுசாக விட வேண்டும். மூச்சை அடக்கக்கூடாது. தண்ணீர் குடிப்பதையும் குறைக்கக்கூடாது, அது டீச்சர் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவருக்கு இந்த ஒரு தசை லேசில் அடங்கவில்லை.

ஒரு சௌகரியம், உட்கார்ந்த இடத்திலேயே யாருக்கும் தெரியாமல் செய்யலாம். டீச்சர் ஆசிரியர் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். தலைமையாசிரியர் பேசப் பேச, நிமிர்ந்து உட்கார்ந்து இறுக்குவதும் விடுவதுமாக இருந்தார். அந்த முகத்தின் தீவிரத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர் பூரித்துப் போனார். ஒரு ஆளாவது கவனிக்கிறாரே என்று பேச்சை நீட்டினார். மற்றவர்கள் டீச்சரைக் கரித்துக்கொட்டினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் கூட்டங்களால் யாருக்காவது பலன் கிடைத்தது என்றால் அது இதுதான்.

சில மாதங்களில் தும்மல் வந்தது, போனது, துணி நனையவில்லை. மாடிப்படியில் ஓடி இறங்கினார், ஒன்றும் ஆகவில்லை. "இனி சிரிச்சுப் பாருங்க மேடம்" என்றாள் பிசியோ பெண்.

அன்று சாயங்காலம் கணவர் சோபாவில் உட்கார்ந்து தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஜோக் சொல்லுங்க."

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்பது போலப் பார்த்தார். பிறகு தினமும் சொல்கிற ஒன்றைச் சொன்னார். சிகிச்சை அதற்கு உதவவில்லை.

"இது வேண்டாம். சித்தப்பா கார் ரிவர்ஸ் எடுக்கறதைப் பண்ணிக் காட்டுங்க."

"அது உனக்குப் பிடிக்காதே. அன்னிக்கு பாதியிலயே எழுந்து போனியே" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "நீ எழுந்து போனது எல்லாத்தையும் நான் விட்டுட்டேன். நீ உக்காந்து கேட்டதை மட்டும்தான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல ஜோக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூக்கிப் போட்டிருக்கிறார் மனிதர். அறுவையை மட்டும் மனைவிக்குப் பிடிக்கும் என்று பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஊருக்கே சிரிப்புக் காட்டுகிறவர் வீட்டுக்கு வந்து இப்படி உழைத்திருக்கிறார். டீச்சருக்குத் தன்மேல் வந்த கோபத்தில் வெட்கம் போன இடம் தெரியவில்லை. கசிவு, டாக்டர், கதவைச் சாத்திக்கொண்டு கற்ற பயிற்சி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீச்சரை நன்றாகப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்களும் கேட்டிருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அன்னிக்கு தங்கச்சி வீட்ல?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாத்ரூம் வரைக்கும்கூடப் போய்ச் சேரலை."

கண்ணாடிக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயிரம் பேர் கைதட்டியிருந்தால்கூட அந்த முகம் அப்படி மலர்ந்திருக்காது. எழுந்து போய்ச் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பினார். "வா, வா, நிறைய இடமிருக்கு" என்று தொடங்கினார்.

டீச்சருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது, இத்தனை வருஷம் உள்ளே கிடந்து துருப்பிடித்த சத்தம். இறுக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கண்ணில் மட்டும்தான் நீர் வந்தது.

பழக்கதோஷத்தில் கணவர் நடிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, டீச்சர் போவதற்கு வழிவிட்டு நாற்காலியை ஒதுக்கிக்கொண்டார்.

டீச்சர் எழுந்து போகவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? கேட்டை இன்னும் இடிக்கலையே" என்றார்.