பஞ்சு வைத்த குல்லாய்

எங்கள் ஊரில் காய்ச்சல் கிருமியால் வருவதில்லை. எதிரெதிராகத் திறந்து கிடக்கும் இரண்டு சன்னல்களால் வருகிறது. பல்வலி, முதுகுப்பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு எல்லாவற்றுக்கும் குறுக்குக்காற்றுதான் காரணம். பெல்கிரேடில் படித்துவிட்டு வந்த டாக்டர்கூட ஒரு சன்னலைத் திறந்தால் இன்னொன்றைச் சாத்திவிட்டுத்தான் உட்காருவார். இப்படிப்பட்ட ஊரில் கைக்குழந்தையைத் தரையில் கிடத்துகிறவள் நல்ல தாய் என்று பேர் வாங்க முடியாது. மே மாத வெயிலிலும் பிள்ளை தலையில் குல்லாய் இருக்கும். அந்தக் குல்லாயைத்தான் துஷிட்சா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊரான வால்யெவோவின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருப்பவள் துஷிட்சா. ஊரில் பாதிப் பெண்களின் தலை அவள் கை வழியாகப் போயிருக்கிறது. யாருக்கு எங்கே சொட்டை, யாருக்குப் பின்மண்டை தட்டை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தட்டைத் தலைக்காரி எழுந்து வாசலைத் தாண்டியதும், "பெத்தவ தூக்காம போட்டது போட்டபடி வளர்த்த மண்டை இது" என்பாள். முறைக்காகக் காத்திருக்கும் நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு நாங்களும் பங்காளிகள்தான், மறைப்பானேன்.

ஜனவரிப் பனியில் அவளுக்குப் பையன் பிறந்தான். வுகாஷின் என்று பெயர். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா முதல் வாரமே சொல்லிவிட்டுப் போனாள்: "முழிச்சிருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போடு. கழுத்து பலப்படும்."

துஷிட்சா போட்டாள். கம்பளியில் மூக்கு புதைந்து அவன் வீடே அதிரக் கத்தினான். அந்த நேரம் பார்த்து அவள் கணவனின் அக்கா வெரிட்சா உள்ளே வந்தாள். பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"புள்ளையப் பெத்தியா, தரை துடைக்கத் துணி பெத்தியா?"

"நர்ஸம்மா சொன்னாங்க அண்ணி."

"காதுல காத்து ஏறினா நர்ஸம்மாவா வந்து உக்காருவா?"

அதோடு குப்புறப் போடுவது நின்றது. பையன் யாராவது ஒருவர் தோளில் கிடந்தான், இல்லாவிட்டால் தள்ளுவண்டியில் மல்லாந்து கிடந்தான். வண்டி இடப்பக்கச் சுவரை ஒட்டி நின்றதால் டி.வி., வாசல், வருகிற ஆள், போகிற ஆள் எல்லாமே அவனுக்கு வலப்பக்கம். தலை வலப்பக்கம் சாய்ந்தே கிடந்தது. நல்ல பிள்ளை, அழுவதே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

மார்ச்சில் ஒரு நாள் குளிப்பாட்டும்போது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. பின்மண்டையின் வலப்பக்கம், யாரோ மேலே உட்கார்ந்துவிட்ட ரொட்டியைப் போல அமுங்கியிருந்தது. எத்தனை தலையைத் தடவிய கை அது. தப்பாகச் சொல்லாது.

முதலில் வெட்கம்தான் வந்தது. பயம் பிறகு மெதுவாக வந்து சேர்ந்தது. கடையில் தான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் வரிசையில் நின்று காதில் விழுந்தன. அன்றிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்ட யாரையும் பக்கத்தில் விடவில்லை. மெல்லிய கூந்தல்காரிகளுக்கு உள்ளே பஞ்சு வைத்துக் கொண்டை தூக்கிக் காட்டுவது அவள் தொழில். அந்த வித்தையை மகனிடம் காட்டினாள். குல்லாயின் உட்புறம், வலப்பக்கம், பஞ்சு வைத்துத் தைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் தலை ஆப்பிள்போல உருண்டையாக இருந்தது. டாக்டர் வரச்சொன்ன நாளில் பிள்ளைக்குச் சளி என்று போன் செய்தாள். தலை தள்ளாடும்போதெல்லாம் பிடரியில் அவள் கை போய் நிற்கும். என்ன பாசம் பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கணவன் லூபிஷா பெல்கிரேட் பஸ் ஓட்டுகிறவன். ஒருநாள் கேட்டான்: "வீட்டுக்குள்ள எதுக்குடி எப்பப் பார்த்தாலும் குல்லாய்?"

"குறுக்குக்காத்து."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எதிர்த்துப் பேசிய புருஷன் கிடையாது. அவனும் பேசவில்லை.

ஆனால் ஞானஸ்நானத்தில் குல்லாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அவள் ஏதேதோ சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஞானத்தகப்பன் திஹோமிர், லூபிஷாவின் பால்ய நண்பன், ஆஸ்திரியாவிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வந்து நின்றான். "பையனுக்கு மீசை முளைச்சப்புறம் வரட்டுமா?" என்று கேட்டான். ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோயிலுக்குப் போயே தீரவேண்டியதாயிற்று.

பாதிரியார் ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரை மந்திரித்து முடித்தார். பிள்ளையின் உடுப்பைக் கழற்றச் சொன்னார்.

"குல்லாயை நான் எடுக்கறேன்" என்று துஷிட்சா கை நீட்டினாள்.

"ஞானத்தகப்பன் வேலையில கை வைக்காதே தங்கச்சி" என்று சிரித்தபடி திஹோமிர் அதைப் பிடித்து இழுத்தான். பெரிய கை அவனுக்கு. தையல் பிரிந்து பஞ்சு தொட்டித் தண்ணீரில் விழுந்தது.

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "என்னடா இது, புள்ளைக்குள்ளேர்ந்து பஞ்சு வருது" என்றாள் வெரிட்சா. திஹோமிர் பிள்ளையை முன்கையில் குப்புற ஏந்தித் தொட்டிக்கு மேல் நீட்டினான். நாலரை மாதப் பிள்ளை. இந்த வயதில் நிமிர்ந்து எங்களை ஒரு முறை முறைக்க வேண்டும். வுகாஷினின் தலை தொங்கிக்கொண்டே இருந்தது. சிரிப்பு நின்றது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தாமல் நெற்றிக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். ஞானஸ்நானம் முடிந்ததும் பிள்ளையின் முடியில் கொஞ்சம் கத்தரிக்கும் சடங்கில் அவர் கத்தரி வலப்பக்கம் வந்ததும் கொஞ்சம் தயங்கியது. எல்லாரும் பார்த்தோம். பிறகு அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக மெழுகுவர்த்திகளைப் பார்த்தோம். துஷிட்சாவின் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்பதுபோல நின்றாள்.

கோயில் முற்றத்தில் லூபிஷா கேட்டான்: "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"இப்பதான்..."

"துஷிட்சா."

"மார்ச்சுல."

"சளின்னு சொன்னியே, டாக்டருக்கு?"

அவள் பிரிந்த குல்லாயைக் கைக்குள் சுருட்டினாள்.

"ஊர்கிட்டேர்ந்து ஒளிச்சே, சரி. என்கிட்டேர்ந்துமா?" அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிள்ளையை வாங்கிக்கொண்டு குல்லாய் இல்லாமலே காற்றில் போய் உட்கார்ந்தான். வெரிட்சா ஓடிவந்து தன் சால்வையை நீட்டினாள். அவன் பார்த்த பார்வையில் அவளும் அதை மடித்துக்கொண்டு போய்விட்டாள். விருந்தில் ஆட்டுக்கறி ஆறிக் கிடந்தது.

மறுநாள் சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுக்கும் பெண்ணிடம் போனார்கள். யெலிசாவெதா என்று பெயர். அறையில் சன்னலும் திறந்திருந்தது, எதிரே கதவும் திறந்திருந்தது. தரையில் பாய்.

"எப்பக் கவனிச்சீங்க?"

நேற்றுத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். லூபிஷா பக்கத்தில் நின்றான். "மார்ச்சுல," என்றாள். "மறைச்சேன். கடைக்கு வர்றவங்க பார்த்தா என் வளர்ப்பைப் பேசுவாங்கன்னு மறைச்சேன்."

யெலிசாவெதா பிள்ளையின் கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பக்கத் தசை இறுகியிருக்கு. அதனால வலப்பக்கமே திரும்பித் திரும்பி மண்டை அமுங்கியிருக்கு. முன்னாடியே வந்திருக்கணும். சரி, இனிமே வேலையைப் பார்ப்போம். முழிச்சிருக்கும்போது குப்புற, கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை. அழுதா தூக்குங்க, சமாதானமானா மறுபடி போடுங்க. தூங்கறப்போ மட்டும் மல்லாந்துதான்."

துண்டைச் சுருட்டி அவன் மார்புக்கடியில் வைத்தாள். முழங்கைகளைத் தோளுக்கு நேராக ஊன்றிவிட்டாள். "நீங்க இடப்பக்கம் படுங்க. அவன் கண் மட்டத்துக்கு."

ஊருக்கே தலை அலங்காரம் செய்கிறவள், தலை கலைய, கன்னம் பாயில் பட, தரையில் படுத்தாள். "வுக்கா," என்று கூப்பிட்டாள். அவன் வலப்பக்கச் சுவரைப் பார்த்து அழுதான். குரல் வரும் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, கழுத்துக்குத்தான் தெரியவில்லை.

"நிறுத்தாதீங்க."

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் முகம் சிவந்தது, கை நடுங்கியது. தலை ஒரு விரல் உயரம் எழுந்து விழுந்தது. மூக்கு பாயில் தேய்ந்தது. மறுபடி எழுந்தது, ஆடியது, இந்தத் தடவை இடப்பக்கமாக விழுந்தது. நசுங்கிய கன்னத்தோடு, எச்சில் வழிய, அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அழுகை நின்றது.

துஷிட்சா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கையை எடுங்கம்மா," என்றாள் யெலிசாவெதா. "இவ்வளவு பாடுபட்டுத் திரும்பியிருக்கான். உங்க முகத்தைத்தான் தேடறான்."

அவள் எடுத்தாள்.