வியர்வைக் கோடுகள்

தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவனைப் பேருந்து ஓட்டுநரான அக்கா எட்ட நின்று பார்த்ததோடு சரி. ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. "கையெல்லாம் டீசல் நாத்தம்டி" என்று சாக்குச் சொல்லிப் பத்து மாதத்தை ஓட்டிவிட்டாள்.

பிள்ளைக்குத் தலையில் முடி முளைக்கவில்லை, வாயில் பல்லும் எட்டிப் பார்க்கவில்லை. 'மொட்டை' என்று அவன் அப்பா செல்லமாகக் கூப்பிட, அதுவே பேராகிவிட்டது. கோடை தொடங்கியதும் தினமும் மதியம் காய்ச்சல். குளிப்பாட்டினால் இறங்கும், மறுநாள் மறுபடி ஏறும். எந்த மருந்துக்கும் மசியவில்லை. உடம்பு அனலாய்க் கொதிக்கும், ஒரு சொட்டு வியர்வை இருக்காது.

அதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தங்கைக்குப் போன் போட்டாள். "இப்ப எப்படி இருக்கு? ஜன்னலைத் திறந்து வெச்சியா? போர்வை கீர்வை எதுவும் போடலையே?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடிதானேக்கா கேட்ட?"

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கும் தலை மொட்டை. ஒரு வயதில், பெற்றோர் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், காய்ச்சலில் துவண்டு கிடந்தவனை, குளிருமோ என்று நினைத்து அவள்தான் கம்பளியால் இறுக்கிப் போர்த்தினாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மாலையில் அவர்கள் வந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. "யாருடி போத்துனது?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதன்பின் பிறந்த தங்கைக்கு, ஒரு அண்ணன் காய்ச்சலில் போனான் என்பது மட்டும்தான் தெரியும். அப்பாவும் அம்மாவும்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பிள்ளையின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிய மரபணு மருத்துவர், முடிவு வருவதற்குள் தாயின் முதுகைப் பார்க்க வேண்டும் என்றார். "நீயும் வா. அங்க போய்ச் சட்டையைக் கழட்ட எனக்கு வெக்கமா இருக்கு" என்று தங்கை அக்காவை இழுத்துக்கொண்டு போனாள். அவள் கணவன் பிள்ளையை ஈரத்துண்டில் சுற்றி வெளியே வைத்திருந்தான்.

மருத்துவர் தங்கையின் முதுகு முழுக்க அயோடினைப் பூசினார். அது காய்ந்ததும் மேலே மாவுப் பொடியைத் தூவி, இரண்டு ஹீட்டர்களைப் போட்டார். வியர்வை படுகிற இடம் கறுக்கும் என்றார். அக்கா கதவுக்கும் மேசைக்குமாக நடந்தபடி இருந்தாள். பத்து நிமிடத்தில் முதுகில் கரும்புள்ளிகள் தோன்றி, பட்டை பட்டையாகச் சேர்ந்தன. இடையிடையே வெளிறிய கோடுகள் முதுகெலும்பிலிருந்து கீழ்நோக்கி வளைந்து இடுப்பருகில் சுழித்துக்கொண்டு போயின.

"எப்படிக்கா இருக்கு?"

"வரிக்குதிரை மாதிரி இருக்குடி."

மருத்துவர் விளக்கினார். "பொண்ணுங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஒண்ணு போதும். அதனால கரு சின்னதா இருக்கும்போதே, ஒவ்வொரு செல்லும் ரெண்டுல ஒண்ணைப் பூட்டிடும். எதைங்கறது அந்தந்த செல்லோட அதிர்ஷ்டம். அதுலேர்ந்து வர்ற செல்லெல்லாம் அதையேதான் பூட்டி வெச்சிருக்கும். உங்களோட ஒரு எக்ஸ்ல, வியர்வைச் சுரப்பி உண்டாகறதுக்கான மரபணு பழுது. நல்லதைப் பூட்டின செல்கள் வளர்ந்த இடம்தான் இந்த வெளிர்க் கோடு."

"என் பையனுக்கு?"

"பசங்களுக்கு எக்ஸ் ஒண்ணுதான். உங்ககிட்டேருந்து அவனுக்குப் பழுதானது போயிருக்கும்னு நினைக்கிறேன். ஈடு கட்ட இன்னொண்ணு இல்ல. ஆமா, வீட்ல சின்ன வயசுலயே தவறின ஆம்பளப் பிள்ளை யாராவது உண்டா?"

"எனக்கு முன்னாடி ஒரு அண்ணன். காய்ச்சல்ல..."

"காய்ச்சல்ல இல்ல" என்றாள் அக்கா. "நான் கம்பளியால போத்திவிட்டேன்."

மருத்துவர் அவசரப்படாமல் பேசினார். "போத்துனதுல சூடு கூடியிருக்கும். இல்லன்னு சொன்னா பொய். ஆனா வேற பிள்ளையா இருந்தா வேர்த்துக் கொட்டித் தப்பிச்சிருக்கும். அவனுக்கு வேர்க்க வழியே இல்லைன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்?"

"அப்ப கொஞ்சம் நான்தான்."

"இதனாலதான் என் பிள்ளையைத் தொடலையா?" தங்கை திரும்பினாள். கண்ணில் கோபமும் நீரும் சேர்ந்து நின்றன. "முப்பது வருஷமா வாயத் திறக்காம... சட்டையைக் கழட்டு. உன் முதுகையும் பாத்துடுவோம்."

அக்காவின் முதுகு ஏறக்குறைய முழுவதும் கறுத்தது. தோளருகே இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் வெளிறி நின்றன. "உங்களுக்கும் அதே பழுதுதான்" என்றார் மருத்துவர். "பூட்டு மட்டும் உங்களுக்குச் சாதகமா விழுந்திருக்கு."

வெளியே வந்ததும் தங்கை பிள்ளையைக் கணவனிடமிருந்து வாங்கி அக்காவின் கையில் திணித்தாள். அவள் விறைத்துப்போய் நின்றாள். மொட்டை அவள் காதைப் பிடித்து இழுத்தான்.

ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. பழுதைச் சரிசெய்ய மருந்தில்லை. உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அக்கா காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, மதியமெல்லாம் பிள்ளையோடு இருந்தாள். பத்து நிமிடத்துக்கொரு முறை வெப்பமானியை வைத்தாள், துண்டை நனைத்து நனைத்துச் சுற்றினாள். "அண்ணி வந்தாப் போதும், வீடே குளமாயிடுது" என்று தங்கை கணவன் சிரித்தான்.

ஒரு மதியம் கரண்ட் போனது. அரை மணியில் வீடு அடுப்பாகிவிட்டது. வெப்பமானியில் முப்பத்தொன்பது டிகிரியைப் பார்த்ததும் அக்கா பிள்ளையை நனைந்த துண்டோடு வாரிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த பேருந்துப் பணிமனைக்கு ஓடினாள்.

"ஏசி வண்டி ஒண்ணை ஸ்டார்ட் பண்ணு" என்றாள் மெக்கானிக்கிடம்.

"சும்மா நிக்கிற வண்டிக்கா? மேனேஜர் என்னைத் தொங்க விட்டுடுவாருக்கா."

"நான்தான் பண்ணச் சொன்னேன்னு சொல்லு. சீக்கிரம்."

காலிப் பேருந்தில் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தேழரை. மொட்டை மணியடிக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கினான். பிறகு விடவேயில்லை.